பத்தொன்பது நடந்தபோது எனக்கு இருபத்தொன்று

ஒரே சமயத்தில் மூன்று வயதுகளோடு வாழ்ந்தவன் நான். ரேஷன் அட்டையில் கொஞ்சம் பெரியவன். பெரியவனாக இருந்தால்தான் சர்க்கரை முழு அளவு வரும். ஆவடியிலிருந்து சென்ட்ரலுக்குப் போகும் மின்சார ரயிலில் வெகுகாலம் பதினோரு வயது. அரை டிக்கெட்டுக்கு அதுதான் எல்லை என்பதால், மீசை அரும்பும்வரை அதைத் தாண்ட எனக்கு அனுமதி இல்லை. பள்ளிச் சான்றிதழில் வேறொரு வயது. இவை மூன்றும் போக, உண்மையான வயது ஜாதகத்தில் இருந்தது. ஜாதகம் டிரங்குப் பெட்டியில் இருந்தது. கல்யாணம் என்று ஒன்று வந்தாலொழிய இவனுக்கு அது தேவைப்படாது என்று வீட்டில் கணித்திருந்தார்கள். அதற்கு முன்பே ஒருமுறை தேவைப்பட்டது.

பள்ளியில் வயது குறைந்ததற்கு நோய்களைத்தான் சொல்ல வேண்டும். ஐந்து வயதில் டைபாய்டு, ஆறு வயதில் மஞ்சள் காமாலை. இரண்டும் தின்றது போக மிச்சமிருந்ததை அப்பா ஏழாவது வயதில் ஒன்றாம் வகுப்பில் கொண்டுபோய் விட்டார். அந்தக் காலத்தில் வயதுக்குச் சான்று காதுதான். வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட்டுவிட்டால் ஐந்து வயது முடிந்தது என்று பொருள். என் கை காதைத் தாண்டித் தாடைவரை போனது. தலைமையாசிரியர் அப்பாவைப் பார்த்தார். அப்பா, “அஞ்சுதான் சார். வளர்த்தி அப்படி” என்றார். காற்றடித்தால் சாய்கிற உடம்போடு நின்ற என்னைப் பார்த்தும் அந்த மனிதர் அப்படியே எழுதிக்கொண்டார். ஆகஸ்டில் பிறந்த நான், ஏறக்குறைய இரண்டு வருஷம் கழித்து, ஒரு ஜூன் மாதத்தில் மறுபடியும் பிறந்தேன்.

அப்பா செய்தது அதிசயம் ஒன்றுமில்லை. ராணுவத் தளவாடத் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸ் அது. திருச்சி, வேலூர், திருநெல்வேலி என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தவர்கள் இருந்தார்கள். வீட்டுக்கு வீடு குழம்பு வேறு, சாமி வேறு. பிள்ளைக்கு வயது குறைப்பதில் மட்டும் தேசிய ஒற்றுமை. இப்போது குறைக்கிற ஒவ்வொரு வருஷமும் பின்னால் சர்வீஸில் ஒரு வருஷம். தேர்வுக்கு வயது தாண்டிப்போகாது, ரிட்டயர்மெண்டும் தள்ளிப்போகும். அதனால் எங்கள் பிளாக்கில் முக்கால்வாசிப் பிள்ளைகள் ஜூன் மாதத்தில் பிறந்திருந்தோம். மக்கள்தொகை ஆராய்ச்சி செய்கிறவர் யாராவது வந்திருந்தால், ஒவ்வொரு செப்டம்பரிலும் இந்தத் தொழிற்சாலையில் அப்படி என்ன நடக்கிறது என்று விசாரித்திருப்பார்.

இதில் ரசிக்கத்தக்க விஷயம், அப்பா இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தார் என்பது. செய்து முடித்த உருப்படிகளை ஒரு அளவுகோலில் நுழைத்துப் பார்ப்பதுதான் வேலை. கேஜ் என்பார்கள். ஒரு முனையில் உருப்படி நுழைய வேண்டும். மறுமுனையில் நுழையக் கூடாது. தலைமயிர் கனம் தப்பினாலும் அப்பா அதைத் தூக்கிக் கழிவுப் பெட்டியில் போட்டுவிடுவார். அந்தக் கறார் குவார்ட்டர்ஸ் முழுக்கப் பிரசித்தம். லட்டு பிடித்தால்கூட அம்மா கொஞ்சம் பயத்தோடுதான் தட்டை அவர் முன்னால் வைப்பாள்.

பக்கத்து வீட்டில் என் நண்பன். கத்தோலிக்கக் குடும்பம். அவன் அப்பா லேத்தில் டர்னர். வாயைத் திறப்பது சாப்பிடவும் ஜெபத்துக்கும் மட்டும் என்று இருந்தவர். அவன் அம்மா நசரத்பேட்டைக்காரர், கணவர் மிச்சம் வைத்த பேச்சையெல்லாம் அவரே பேசித் தீர்த்துவிடுவார். எங்கள் பிளாக்கில் உண்மையான பிறந்த தேதியோடு நடமாடிய சொற்பப் பேரில் என் நண்பன் ஒருவன். பிறந்த பத்தாம் நாளே ஞானஸ்நானம் கொடுத்துத் தேதியை எழுதிவிட்டார்கள். கடவுளுக்கும் பங்குச் சாமியாருக்கும் தெரிந்துபோன தேதியை மாற்ற அவன் அப்பாவுக்குத் துணிவு வரவில்லை.

நாங்கள் இருவரும் ஒரே ஆஸ்பத்திரி வார்டில் நான்கு நாள் இடைவெளியில் பிறந்தவர்கள். நான் மூத்தவன். பிரசவத்துக்குப் பிறகு அம்மாவுக்கு ஜுரம் கண்டு, பால் வற்றி, நான் கத்திக்கொண்டே இருந்தேனாம். பக்கத்துக் கட்டிலில் இருந்த நண்பனின் அம்மா, பிள்ளை பெற்ற மறுநாளே, “குடுக்கா இங்க” என்று என்னையும் வாங்கிக்கொண்டாராம். இரண்டு வீடுகளிலும் சலிக்கச் சலிக்கச் சொல்லப்படும் கதை இது. எனக்கு எதிரிலேயே சொல்வார்கள். நான் கூச்சப்பட்டு வெளியே போய்விடுவேன்.

அவர்கள் வீட்டில் ஒவ்வொரு வருஷமும் கிறிஸ்துமஸுக்கு இரண்டு மாதம் முன்பே கறுப்புத் திராட்சையைச் சர்க்கரையோடு பிசைந்து, ஒரு கைப்பிடி கோதுமை போட்டு, ஊறுகாய் ஜாடியில் வேடு கட்டி, அரிசி டின்னுக்குப் பின்னால் இருட்டில் வைத்துவிடுவார்கள். கிறிஸ்துமஸ் அன்று ஒரு பழைய ஸ்குவாஷ் பாட்டில் நிறைய ஒயினும், ஒரு தட்டில் கேக்கும் எங்கள் வீட்டுக்கு வரும். அம்மா ஆளுக்கு அரை டம்ளர் ஊற்றுவாள். மதுவின் வாடையையே சகிக்காத அப்பா அதை மதுவாக ஏற்றுக்கொண்டதில்லை. “ஜூஸ்தான். கொஞ்சம் நாளாயிடுச்சு, அவ்வளவுதான்” என்று சொல்லிக் குடித்துவிட்டு, அன்று மத்தியானம் மட்டும் வழக்கத்தைவிட நீண்ட நேரம் தூங்குவார்.

இனி மதுக்கடை. குவார்ட்டர்ஸ் கேட்டுக்கு எதிரே, சாலையைத் தாண்டினால் ஒரு ஒயின்ஷாப் இருந்தது. கம்பி வலைக்கு மேலே, இருபத்தொரு வயது நிறையாதவர்களுக்கு விற்பனை இல்லை என்று பலகை. அந்தப் பலகைக்கு நேர் கீழேதான் பிளஸ் டூ பையன்கள் நின்று வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில்தான் வெயில் படாது. மீசை உள்ளவன் வாங்குவான். இல்லாதவன் அண்ணனுக்கு என்பான். இது ஊருக்கே தெரியும். ஆனாலும் விளையாட்டு விழாவில் இறகுப்பந்துக் கோப்பையை ஜெயித்த பையன், சிறப்பு விருந்தினர் கையிலிருந்து கோப்பையை வாங்கி அதிலேயே வாந்தி எடுத்த பிறகுதான் குவார்ட்டர்ஸ் நலச்சங்கம் விழித்துக்கொண்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனமகிழ் மன்றத்து ஹாலில் பொதுக்கூட்டம் போட்டார்கள். கேள்வி எளிமையானது: பலகையில் இருப்பதைச் சங்கம் நடைமுறைப்படுத்த வேண்டுமா, அல்லது வயதைக் குறைத்துக் காலத்தோடு ஒத்துப்போக வேண்டுமா? சட்டத்தை மாற்ற ஒரு குவார்ட்டர்ஸ் சங்கத்துக்கு என்ன அதிகாரம் என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் சங்கம் அதற்கு முன்பு ஆப்கானிஸ்தானைப் பற்றியே தீர்மானம் போட்டிருக்கிறது.

ஓட்டுப் போடும் வயதைப் பதினெட்டாக்கியிருந்த சமயம். வெல்டிங் செக்‌ஷன்காரர் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டார். “பதினெட்டு வயசுல நாட்டையே கையில குடுக்கலாமாம், ஒரு கிளாஸக் குடுக்கக் கூடாதாமா?” என்றார். சங்கச் செயலாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “கிளாஸக் கீழ போட்டா உடனே உடையும்யா. நாடு உடைய நாளாவும்” என்றார். கல்யாணத்துக்கும் ஆணுக்கு இருபத்தொன்றுதானே, குடிக்கவும் அதே வயது என்றால் பொருத்தம்தான் என்றார் இன்னொருவர். இரண்டையும் ஒரே நாளில் ஆரம்பித்தால் உடம்பு தாங்காது என்று பின்வரிசையிலிருந்து ஒரு அனுபவசாலி குரல் கொடுத்தார்.

அன்று நண்பனின் அப்பாவும் பேசினார். பேச எழுந்ததே செய்தி என்பதால் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பேச்சு இவ்வளவுதான்: எங்கள் வீட்டில் பண்டிகைக்குப் பிள்ளைகளுக்கும் நாங்களே ஒரு மடக்கு ஊற்றுகிறோம். என் பையன் இதுவரை அந்தக் கடைப் பக்கம் போனதில்லை. தடுத்து வைப்பதைவிடப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டிவிடுவது மேல் என்று நினைக்கிறேன் என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சிலர் தலையாட்டினார்கள்.

பிறகு அப்பா எழுந்தார்.

“பதினெட்டுன்னு வச்சா பதினாறு குடிப்பான். ஒரு மடக்குன்னு விட்டா ஒரு பாட்டில் போவான். வரம்புன்னா கேஜ் மாதிரி இருக்கணும். போனா போச்சு, போகலைன்னா போகல. தட்டி நுழைக்கிற வேலையே கிடையாது. இருபத்தொண்ணுன்னா இருபத்தொண்ணு. ஒரு நாள் கம்மின்னாலும் கம்மிதான்.”

கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அப்பா இவ்வளவு அழகாகப் பேசுவார் என்று அதுவரை எனக்குத் தெரியாது. தீர்மானத்தை எழுதித்தரும் பொறுப்பையும் அவரிடமே கொடுத்தார்கள். இரண்டு ஷரத்துகள். ஒன்று, குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் இருபத்தொன்று நிறையும்வரை குடிக்கக் கூடாது. பிடிபட்டால் பெற்றோரை அழைத்துக் கண்டிப்பது. இரண்டாவது கடுமையானது. வயது வந்த ஒருவர் வயது வராத பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தால், அவர் வேலை பார்க்கும் இடத்துக்குச் சங்கம் எழுதும். குடிக்கிற பிள்ளையைவிட ஊற்றிக்கொடுக்கிற பெரியவன்தான் குற்றவாளி என்பது அப்பாவின் வாதம். நியாயமான வாதம். இன்றைக்கும் எனக்கு அதில் மறுப்பில்லை.

இந்தியாவிலேயே அந்தப் பலகைக்குக் கீழ்ப்படிந்த இளைஞர்கள் இரண்டு பேர் இருந்திருப்பார்கள் என்றால் அது நானும் என் நண்பனும்தான். அந்த ஆகஸ்டில் எங்களுக்கு இருபத்தொன்று நிறையவிருந்தது. அப்பாவின் பேச்சில் மயங்கி, அதுவரை பீர் குடிப்பதில்லை, நிறைந்ததும் ஒன்றாகக் குடித்துப் பார்ப்பது என்று நான்தான் யோசனை சொன்னேன். புத்தகம் படிக்கிறவனுக்கு நண்பனாக இருப்பதன் கஷ்டம் அவனுக்கு அப்போது தெரியவில்லை. என் பிறந்தநாளுக்குப் பிறகும் அவனுக்காக நான்கு நாள் காத்திருந்தேன். அவன் பிளஸ் டூ முடித்துத் தொழிற்சாலையிலேயே அப்ரண்டிஸாகச் சேர்ந்து கடைசி வருஷத்தில் இருந்தான்; முடித்தால் நிரந்தர வேலை. இரண்டு வகுப்பு பின்தங்கிய நான் கல்லூரியில் இருந்தேன்.

அவன் பிறந்தநாள் சாயங்காலம் கடைக்குப் போனோம். அவன்தான் கம்பி வலை அருகே போனான். அவனுக்கு மீசை இருந்தது; என் முகம் பள்ளிச் சான்றிதழோடு ஒத்துப்போகிற முகம். ஒரே ஒரு பாட்டிலை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பருத்திப்பட்டு ஏரிக்கரையில் ஒரு வேலிகாத்தான் புதர் ஓரமாக உட்கார்ந்தோம். பீர் சூடாக இருந்தது. அவன் ஒரு வாய் குடித்துவிட்டு ஏரியையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

“இன்னா மச்சான், வேப்பெண்ண மாதிரி கீது. இதுக்கா இத்தன மாசம் காத்துகினு இருந்தோம்?”

அதைவிட உன் அம்மா வைக்கிற ஒயின் எவ்வளவோ மேல் என்று சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் சங்கத்தின் கண்காணிப்புக் குழு வந்தது. குழு என்பது செயலாளர், அவர் சைக்கிள், ஒரு விசில். எங்களுக்குப் பயமே இல்லை. எழுந்து நின்று, இருவருக்கும் இருபத்தொன்று நிறைந்துவிட்டது என்று மரியாதையாகச் சொன்னோம். வாங்கியது யார் என்று கேட்டார். நான்தான் என்றான் அவன். இன்றுதான் அவனுக்குப் பிறந்தநாள், அதற்காகத்தான் என்றேன் நான், ஏதோ வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போய்விடுவார் என்பதுபோல. ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாக்களோடு ஹாலுக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார்.

வீடு திரும்பும் வழியில்தான் எனக்குக் கணக்கு புரிந்தது. எனக்கு இருபத்தொன்று என்றால் இரண்டு பெரியவர்கள் ஒரு பாட்டில் பீர் குடித்தார்கள், அதோடு முடிந்தது. எனக்குப் பத்தொன்பது என்றால், ஒரு பெரியவன் ஒரு சிறுவனுக்கு மது வாங்கிக் கொடுத்திருக்கிறான். இரண்டாவது ஷரத்து. அப்ரண்டிஸ் பயிற்சிக்கூடத்துக்குக் கடிதம் போகும். நடத்தை சரியில்லை என்று ஒரு வரி போதும், அவர்கள் ஆளை வெளியே அனுப்ப. அவனுடைய வேலை என் வயதில் தொங்கிக்கொண்டிருந்தது.

நண்பன் கவலைப்படவே இல்லை. “உங்க நைனா ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சுது. அவர் பேச்ச அங்க யாரு தட்டுவாங்க?” என்றான். எனக்கும் அதில் சந்தேகமில்லை. ஒரு நாள் கம்மியானாலும் கம்மிதான் என்றவர், ஒரு நாள்கூடக் குறையாமல் நிறைந்திருக்கும்போது எப்படி மறுப்பார்?

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை. வெற்றிலை மடித்துக்கொண்டே கேட்டார். கடைசியில், ஜாதகம் இருந்த பெட்டியின் சாவி அவரிடம்தான் இருந்ததால், ஞாயிற்றுக்கிழமை அதைக் காட்டி என் உண்மையான வயதைச் சொல்லிவிடுங்கள் என்றேன்.

“ஹால்ல யார் யார் உக்காருவாங்க தெரியுமா? பாதிப் பேர் ஆபீஸ் ஆளுங்க. நீ பரீட்சை எழுதி, வேலைன்னு வர்ற அன்னிக்கு ஒருத்தன் மொட்டைக் கடுதாசி போட்டா போதும். ஒரு பாட்டில் பீருக்காக ரெண்டு வருஷ சர்வீஸ விடச் சொல்றியா?”

பீருக்காக இல்லை, அவனுக்காக என்றேன். அவர் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. நல்ல மனிதர்கள் முதலில் மறுப்பார்கள், கடைசி நிமிஷத்தில் எழுந்து உண்மையைச் சொல்வார்கள் என்று நான் படித்த புத்தகங்கள் எல்லாம் ஒரே குரலில் சொல்லியிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் மேசைக்குப் பின்னால் செயலாளரோடு ஆறேழு பேர். நண்பனின் அப்பா மகனின் சான்றிதழை உறைக்குள் போட்டுக் கொண்டுவந்திருந்தார். பார்த்தார்கள், இருபத்தொன்று, சரி. செயலாளர் என் அப்பாவைப் பார்த்தார்.

“பையனுக்கு என்ன வயசு சார்?”

“பத்தொன்பது” என்றார் அப்பா. உருப்படியின் நீளத்தைச் சொல்கிற அதே குரல்.

நான் எழுந்து, இல்லை, எனக்கு இருபத்தொன்று, ஆகஸ்டில் பிறந்தேன், பள்ளியில் குறைத்துப் போட்டிருக்கிறார்கள் என்றேன். யாரும் அதிர்ச்சி அடையவில்லை. ஒருவர் கூரையைப் பார்த்தார். ஒருவர் பேனா மூடியைக் கழற்றி மாட்டினார். மேசைக்குப் பின்னால் இருந்த ஒவ்வொருவருடைய பிள்ளையும் ஜூனில் பிறந்த பிள்ளை. நான் சொன்னது உண்மை என்று அந்த ஹாலில் எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்ததனாலேயே ஒருவராலும் அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஒன்றை ஒப்புக்கொண்டால் வரிசையாக எல்லாம் உதிரும். செயலாளர் என் தோளைத் தட்டினார். “சிநேகிதனுக்காகப் பொய் சொல்ற. நல்ல குணம்தான். உக்காரு” என்றார். வாழ்க்கையில் பொய்யன் என்று எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. உண்மை சொன்னதற்காகக் கிடைத்தது.

அப்பா என் பக்கம் திரும்பவில்லை. ஹாலில் எல்லோருக்கும் முன்னால் என்னைத் தட்டி நுழைத்துவிட்டு, முழங்கால்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நண்பனின் அப்பா மெல்ல, “பெத்தவங்களக் கேட்டா தெரியும் சார். ரெண்டு பேரும் ஒரே வார்டுல இருந்தாங்க” என்றார். அது எல்லோருக்கும் வசதியாக இருந்தது. தாயார் சொன்னால் பரிசீலிக்கலாம், சாயங்காலம் வரை கடிதத்தை அனுப்பாமல் வைக்கிறோம் என்றார்கள்.

சாயங்காலம் நண்பனின் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். செயலாளரையும் கையோடு கூட்டி வந்திருந்தார். செயலாளர் வாசல்படியைத் தாண்டாமல் நின்றுகொண்டார். அப்பா உள் அறையில் ரேடியோவைச் சின்னதாக வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் சமையலறைக் கதவோரம்.

“அக்கா, நீங்க ஒண்ணும் சண்ட போட வேணாம், சத்தியம் பண்ண வேணாம். நம்ம ரெண்டு பேரும் எப்பப் பெத்தோம்னு மட்டும் அவராண்ட சொல்லுங்க. ஒரே மாசம், நாலு நாள் முன்ன பின்ன. அவ்ளோதான்.”

அம்மா முறத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

“உங்களுக்கு ஜுரம் வந்துச்சு. உங்க புள்ள கத்துச்சு. நான்தானேக்கா வாங்கிக்கினேன்? அந்த ஆயா கூட, இன்னாம்மா ரெட்டப் புள்ளையானு கேட்டுச்சே. ஞாபகம் இல்ல?”

அம்மாவின் விரல் முறத்தில் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. அங்கே கல் இல்லை. எனக்குத் தெரிந்தது. உள்ளே ரேடியோவை அப்பா நிறுத்தினார்.

“ஜுரத்துல கெடந்தேன்மா. எனக்கு எதுவும் ஞாபகம் இல்ல. அவரத்தான் கேக்கணும்.”

நான் பிறந்ததற்கு இருந்த இரண்டு சாட்சிகளில் ஒருத்தி, அதுவும் முதல் சாட்சி, அந்த நேரத்தில் தான் அங்கே இல்லை என்று சொல்லிவிட்டாள். நண்பனின் அம்மா புடவைத் தலைப்பால் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார். பின்னாலேயே செயலாளரும். அம்மா மறுபடி கல் பொறுக்க ஆரம்பித்தாள். அன்று சோற்றில் எனக்கு மூன்று கல் கிடைத்தது.

கடிதம் போனது. இரண்டு வாரத்தில் அவனைப் பயிற்சியிலிருந்து நிறுத்தினார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன லேத் பட்டறையில் சேர்ந்தான். என்மீது அவன் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஆவடி ஸ்டேஷனில் ஒருநாள் எதிரே வந்தான். நான் நின்றேன். அவன் சிரித்தான்.

“சின்னப் பசங்களோட சேராதன்னு எழுதியே குடுத்துட்டாங்க மாமே. நீ நல்லாப் பட்ச்சு வளர்ந்து வா, அப்பால பேசலாம்.”

நாங்கள் இருவரும் கடைசியாக நேருக்கு நேர் பேசிக்கொண்டது அதுதான். நான் பதில் எதுவும் சொல்லவில்லை என்பதால், பேசிக்கொண்டது என்றுகூடச் சொல்ல முடியாது.

ஒயின்ஷாப்பில் வியாபாரம் குறையவில்லை. சங்கத்தின் கண்காணிப்பு மழைக்காலம் தொடங்கியதும் சைக்கிளோடு நின்றுபோனது. இறகுப்பந்துக் கோப்பையைக் கழுவி அலமாரியில் வைத்தார்கள். அந்தத் தீர்மானத்தின் கீழ் தண்டனை பெற்றவன், எனக்குத் தெரிந்தவரை, இருபத்தொரு வயது நிறையும்வரை காத்திருந்து குடித்த ஒருவன்தான்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்குத் தட்டு வந்தது. கேக், முறுக்கு, கல்கல் எல்லாம் இருந்தன. பாட்டில் மட்டும் இல்லை. அம்மா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எதையோ தேடுவதுபோல் பார்த்திருக்க வேண்டும். நண்பனின் அம்மா குரலை உயர்த்தாமல் சொன்னார்: “உங்க ஊட்ல சின்னப் பையன் கீறான் இல்லக்கா. அதான் எடுத்தாரல.” அப்பா அன்று மத்தியானம் தூங்கவில்லை. அடுத்த வருஷமும் தட்டு வந்தது, அதே போல. தட்டை அனுப்பாமலே இருந்திருக்கலாம். அப்படி இருந்திருந்தால் மறந்திருப்போம். அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

நான் அந்த வயதைக் காட்டித் தேர்வு எழுதி, அந்த வயதைக் காட்டி வேலைக்கும் சேர்ந்தேன். இதை நகைச்சுவையாகச் சொல்ல எவ்வளவோ முயன்றும் எனக்கு வராத ஒரே வாக்கியம் இது. அப்பா வாங்கித் தந்த அந்த இரண்டு வருஷம் இன்னும் கைக்கு வரவில்லை. ரிட்டயர்மெண்டுக்குச் சற்று முன்னால்தான் வரும். அலுவலகத்தில் முழங்கால் வலியோடு படியேறும்போது அது எப்படிப்பட்ட பரிசு என்று யோசித்துப் பார்ப்பதுண்டு.

மூன்றாம் கிறிஸ்துமஸுக்குள் நண்பனின் அப்பா ரிட்டயராகி, அவர்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு திருநின்றவூரில் வாடகை வீட்டுக்குப் போய்விட்டார்கள். இனித் தட்டு வராது என்று நிம்மதியாக இருந்தோம். பண்டிகைக்கு மறுநாள் காலை, ஒயர் கூடையோடு நண்பனின் அம்மா வாசலில் நின்றார். ரயிலில் வந்திருந்தார். அப்பா பேப்பரை மடித்து வைத்தார். உள்ளே வாருங்கள் என்று யார் சொல்வது என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோதே அவர் கூடையிலிருந்து அந்தப் பழைய ஸ்குவாஷ் பாட்டிலை எடுத்து அம்மாவின் முன்னால் வைத்தார். நிறைய இருந்தது. நல்ல கருஞ்சிவப்பு.

“ஜூன் மாசத்தோட இருபத்தொண்ணு ஆய்ட்ச்சு இல்லக்கா, உங்க புள்ளைக்கு. கணக்கு வச்சிகினேதான் இருந்தேன். இனிமே குடுக்கலாம், கேஸ் ஆவாது.”

அப்பா பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா குனிந்திருந்தாள். பிறகு, யாரும் கேட்காமல், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“இருபத்திமூணும்மா.”

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில் அந்த அம்மாள் நின்றார். அப்போது அது ஒரு வேலையின் விலை பெற்றிருந்தது. இப்போது ஒன்றும் இல்லை. யார் வேண்டுமானாலும் சொல்லலாம்.

நண்பனின் அம்மா கூடையின் காதைப் பிடித்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“ஜுரம் வுட்ட்ச்சா?” என்று கேட்டார்.

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அடுத்த ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். பாட்டில் பொங்கல்வரை அங்கேயே இருந்தது. எனக்குச் சட்டப்படியும் வயதாகியிருந்தது, ஜாதகப்படியும் வயதாகியிருந்தது. திறக்கத்தான் எங்கள் வீட்டில் யாருக்கும் வயது போதவில்லை.